ஒரு பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டு

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "மேஷ்-அப் எல்லாம் ஒரு இசையா? ரெண்டு பாட்ட ஒட்டவைக்கிறதுல என்ன இருக்கு?" இன்னைக்கு ஒரு ரசிகனா பதில் சொல்றேன். நான் இசையமைப்பாளர் இல்ல. ஹெட்போன மாட்டிக்கிட்டு ராத்திரி ஒரு மணி வரைக்கும் பாட்ட வெட்டி ஒட்டுற ஆளு, அவ்வளவுதான்.

முதல்ல ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துடலாம். ரீமிக்ஸ்னா பழைய பாட்டுக்குப் புதுத் தாளம், புதுச் சத்தம். 'அடுத்த வாரிசு' படத்துல இளையராஜா போட்ட 'ஆசை நூறு வகை'ய, 2003ல 'குறும்பு' படத்துக்காக யுவன் பண்ணாரே, அது ரீமிக்ஸ். அப்பா பாட்டுல மகன் கைவச்சது. 2004ல 'நியூ' படத்துல வந்த 'தொட்டால் பூ மலரும்' வேற கணக்கு. வாலி 'படகோட்டி'க்கு எழுதின வரிகளுக்கு ரஹ்மான் புது மெட்டு போட்டார். மேஷ்-அப்ல இது ரெண்டும் கிடையாது. ஏற்கெனவே இருக்குற ரெண்டு பாட்ட ஒண்ணோட ஒண்ணு பேச விடணும்.

பேச விடுறதுதான் கஷ்டம். எண்பதுகள்ல பாட்டுங்கறது ஸ்டூடியோவுல எல்லாரும் உட்கார்ந்து சேர்ந்து வாசிச்சது. மனுஷன் வாசிச்ச தாளம், சரணத்துல லேசா வேகம் எடுக்கும், அப்புறம் தணியும். காதுக்குத் தெரியாது. அதுமேல ஒரு கம்ப்யூட்டர் பீட்ட வச்சுப் பாருங்க, நாலாவது வரியிலேயே ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் போயிடும். ஒவ்வொரு வரியா வெட்டி நகர்த்தணும். 'ரோஜா'வுக்கு அப்புறம் வந்த ரஹ்மான் பாட்டுகள் மேஷ்-அப்ல அடிக்கடி மாட்டுறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். சீக்வென்சர்ல கட்டினது, வேகம் அசையாது.

அடுத்தது ஸ்ருதி. ஒரு பாட்ட அரை ஸ்வரம், ஒரு ஸ்வரம் ஏத்தலாம். அதுக்கு மேல போனா பாடகரோட வயசே மாறிடும்.

எனக்குப் பிடிச்ச சேர்க்கை ஒண்ணு சொல்றேன். 'அரங்கேற்ற வேளை' படத்து 'ஆகாய வெண்ணிலாவே', 1990. 'கர்ணா' படத்து 'மலரே மௌனமா', 1995. ஒண்ணு இளையராஜா, இன்னொண்ணு வித்யாசாகர். ரெண்டுமே தர்பாரி கானடா. ஒரு பக்கம் யேசுதாஸும் உமா ரமணனும், இன்னொரு பக்கம் எஸ்பிபியும் ஜானகியும். ஒரு ஜோடி கேட்டதுக்கு இன்னொரு ஜோடி பதில் சொல்ற மாதிரி விழும்.

குரலைத் தனியா பிரிக்கிறது முன்னெல்லாம் பெரும்பாடு. 2019 கடைசியில டீசர் கம்பெனி 'ஸ்ப்ளீட்டர்'னு ஒரு மென்பொருளை இலவசமா வெளியிட்டாங்க. அப்புறம் அதே மாதிரி நிறைய வந்துடுச்சு. இப்ப யார் வேணும்னாலும் பிரிக்கலாம். அப்படிப் பிரிச்சு உமா ரமணன் குரலை மட்டும் கேட்டப்ப கொஞ்ச நேரம் வேலையே ஓடல. வயலின், மிருதங்கம் எதுவும் இல்லாம, வரிக்கு முன்னாடி எடுக்குற மூச்சு வரைக்கும் கேட்குது. முப்பது வருஷமா அந்த மூச்சு ஆர்கெஸ்ட்ராவுக்குள்ள ஒளிஞ்சு கிடந்திருக்கு!

அந்த மேஷ்-அப்ப ஆபீஸ் தம்பி ஒருத்தனுக்கு அனுப்பினேன். "அண்ணா, அந்த லேடி வாய்ஸ் யாரு? புது சிங்கரா?"ன்னு கேட்டான். உமா ரமணன் 2024 மே மாசம் காலமாயிட்டாங்க. அவன் தப்பு இல்ல. ரீல்ஸ்ல வர்ற மேஷ்-அப்ல செஞ்சவன் பேரு பெருசா இருக்கும், பாடினவங்க பேரு எங்கயுமே இருக்காது. இந்தக் கலைமேல எனக்கு இருக்குற உண்மையான கோபம் இதுதான்.

"அப்ப இளையராஜா நோட்டீஸ் அனுப்பினது சரியா?"ன்னு கேப்பீங்க. 2024ல 'மஞ்சும்மல் பாய்ஸ்'க்கும் 'கூலி' டீசருக்கும் அனுப்பினாரு. உரிமை யார்கிட்ட இருக்குங்கறது கோர்ட் விஷயம். ஆனா கோடிக்கணக்குல எடுக்குற படம், போட்டவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்ங்கறதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. ரூம்ல உட்கார்ந்து காசு வாங்காம பண்றவனையும் அதே தராசுல வைக்கணுமாங்கறதுதான் என் சண்டை. சட்டம் அந்த வித்தியாசத்தைப் பெருசா பார்க்கிறதில்ல. நான் பார்க்கிறேன்.

அதனால என் மேஷ்-அப் எல்லாத்துலயும் முதல் அஞ்சு செகண்ட் வெறும் எழுத்துதான். படம், வருஷம், இசை, பாடினவங்க. "ஸ்கிப் பண்ணிடுவாங்கடா"ன்னு நண்பர்கள் சொல்றாங்க. பண்ணட்டும்.

அடுத்து எந்த ரெண்டு பாட்டுன்னு நீங்க சொல்லுங்க, ராகம் பார்த்து. கல்யாணி மட்டும் வேண்டாம் சாமி. அதுல இருக்குற பாட்டுக்கு, தேர்ந்தெடுக்கவே ஒரு மாசம் ஆகும்.