சீம்பாலைச் சிந்தலாமா?

 

பிள்ளை பிறந்ததும் முதற்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சீனித்தண்ணீர் புகட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் முற்றாக மறையவில்லை. மஞ்சளாகவும் கெட்டியாகவும் இருப்பதால் அது கெட்ட பால் என்று மூத்தவர்கள் அஞ்சுகிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆயினும் குழந்தைக்குச் சேரவேண்டிய காவலை அல்லவா நாம் வாசலில் ஊற்றுகிறோம்!

நோயைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களில் ஒரு வகை, கருவில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாகச் சேய்க்கு வந்துவிடுகிறது. குடலைக் காக்கும் ஐ.ஜி.ஏ. என்னும் வகையோ அவ்வழி வாராது. பால் வழியாகவே வரும். சீம்பாலில்தான் அது மிகச் செறிந்துள்ளது. கிருமி குடற்சுவரில் ஒட்டாதபடி அது பற்றிக்கொள்கிறது. 1975-இல் சுவீடன் நாட்டு அறிஞர் லார்ஸ் ஹான்சனும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கருவுற்ற தாய்மார் தீங்கற்ற கிருமியொன்றைப் பருகியபின், அதற்குரிய எதிர்ப்பொருளை உண்டாக்கும் உயிரணுக்கள் அவர்களது சீம்பாலில் காணப்பட்டன. ஆக, தாயின் குடல் எந்தக் கிருமியைச் சந்தித்ததோ, அதற்கேற்ற காவலே பாலில் இறங்குகிறது. நம் தெருத் தண்ணீரின் கிருமிகளை அறிந்த பால் அது. டப்பாப் பாலுக்கு நம் தெரு தெரியாது!

வேலூர் கஸ்பா, சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம் பகுதிகளில் சி.எம்.சி. மருத்துவர்கள் 2002 முதல் 373 குழந்தைகளை மூன்று வயதுவரை தொடர்ந்து கவனித்தனர். ஆறு மாதத்திற்குள்ளாகவே பாதிக்கு மேற்பட்டோரை ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது. எதிரி அவ்வளவு விரைவில் வருகிறான். தாய்ப்பால் ஒன்றே எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நாம் கூறவில்லை. ரோட்டா சொட்டு மருந்தையும் தவறாமல் கொடுக்கவேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் பணிபுரியும் நம் பெண்களுக்கு ஒரு செய்தி. 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், முதலிரு பேறுகளுக்கான சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும், தாய் நாளைக்கு நான்கு முறை சென்று வரும் உரிமையும் அதில் வந்தன. கேட்டுப் பெறுங்கள். பீய்ச்சி வைத்த பால் வெளியே நான்கு மணி நேரம்தான் தாங்கும். நம் சித்திரை வெயிலில் உடனே ஃபிரிட்ஜில் வைப்பதே நன்று. அடுப்பில் கொதிக்க வைக்கவேண்டா, எதிர்ப்பொருள் கெட்டுவிடும். வெந்நீரில் கிண்ணத்தை வைத்துச் சூடேற்றினால் போதும்.

பேறுகாலம் நெருங்கும் வீடுகளில், பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்டவேண்டும் என்பதை மாமியாரிடமும் நானிமாவிடமும் முன்பே பேசி வையுங்கள். அன்றைய பரபரப்பில் மருமகள் சொல்வது யார் காதிலும் விழாது.