புல்லா? கோரையா?



அல்சூர் ஏரியைச் சுற்றி இன்று வீடும் கடையும் நிறைந்துவிட்டன. ஆனாலும் வாசலில் வைத்த பூந்தொட்டியில் கோரை முளைக்கிறது. பிடுங்கிப் போடுகிறீர்கள். சில நாளில் மறுபடியும் வருகிறது. ஏன்? புல் என்று நினைத்து மேலாக இழுத்ததால்தான். மண்ணுக்குள் அதற்குக் கிழங்கு உண்டு. அதிலிருந்து நூல் போல ஒன்று ஓடும். அதன் நுனியில் இன்னொரு கிழங்கு இருக்கும். தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

தொட்டியில் இது சின்னத் தொல்லை. வயலில் பெரிய நட்டம். உங்களில் களை எடுத்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். நெல், புல், கோரை மூன்றும் இளசில் ஒன்று போலவே இருக்கும். புல்லுக்கென்று விற்கும் களைக்கொல்லிகள் பல கோரையைக் கொல்வதில்லை. ஆள் தெரியாமல் தெளித்தால் காசு போகும், களை நிற்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குக் கண்ணைவிட விரல் நல்லது. பூக்கதிர் தாங்கும் தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். புல்லின் தண்டு வழுக்கி உருளும். அதில் கணு இருக்கும். கோரைத் தண்டுக்குப் பெரும்பாலும் மூன்று பட்டை. விரலில் இடறும். கணு தட்டுப்படாது. இலைகளும் மூன்று பக்கமாகப் பிரியும். புல்லுக்கு இரண்டு பக்கம்தான்.

இதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. குளத்தோரம் நிற்கும் சில கோரைகளுக்குத் தண்டு உருண்டை. சிலவற்றில் இலையே தெரியாது. சம்பு தூரத்தில் கோரை மாதிரி நிற்கும். ஆனால் அது வேறு இனம்.

எந்தக் கோரை என்று பெயர் சொல்வது இன்னும் கடினம். உலகத்தில் 5,000 வகைக்கு மேல் உண்டு. செடிநூல் படித்தவர்கள்கூடக் கதிரில் உள்ள சிறு காயை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்த பிறகே பல கோரைகளுக்குப் பெயர் சொல்கிறார்கள். காய் இல்லாத செடி என்றால் திணறிப்போவார்கள். நலங்கு மாவில் சேரும் கோரைக்கிழங்குக்கு அவ்வளவு பாடு இல்லை. கிழங்கை நசுக்கி முகர்ந்தால் போதும். மணமே சொல்லிவிடும்.

பத்தமடையில் பாய் நெய்யும் கோரை வேறு. அதற்கு ஒரு கதை உண்டு. 1768-இல் கோனிக் என்ற மருத்துவர் தரங்கம்பாடிக்கு வந்தார். இங்கே சேர்த்த செடிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். டென்மார்க் நாட்டு ராட்பால் 1773-இல் அச்சிட்ட புத்தகத்தில் பாய்க்கோரைக்கு 'பாங்கோரை' என்றே பெயர் வைத்தார். எந்த நாட்டு அறிஞரும் இன்றும் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறார். அதற்குள் இருப்பது நம் சனங்கள் சொன்ன கோரைதான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வேறு கோரைப் பெயர்களும் தெரிந்திருக்கும். கேளுங்கள். கதிரோடும் கிழங்கோடும் ஒரு செடியை எடுத்துக் காயவைத்து நோட்டில் ஒட்டுங்கள். பக்கத்தில் அவர்கள் சொன்ன பெயரையும் கிடைத்த இடத்தையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.