உளவியல் படித்த பிள்ளைக்கு என்ன வேலை?

(தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உயர்கல்வி வழிகாட்டல் கூட்டத்தில், கல்முனைக் கரையைச் சேர்ந்த உளவளத்துணையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு வரச் சொல்லிப் போன் எடுத்த தோழர் ஒரு விஷயம் சொன்னார். இங்குள்ள பிள்ளை ஒருவர் கம்பஸில் உளவியலைப் பாடமாக எடுக்கப் போகிறார். தகப்பன் கேட்கிறாராம்: “டீச்சர் வேலை கிடைக்கிற பாடம் இருக்கும்போது, பைத்தியக்காரரைப் பார்க்கிற படிப்பு எதற்கு?” அந்த ஐயா முன்வரிசையில் இருப்பதாகவும் கேள்வி. ஐயா, என் உம்மாவும் இதையேதான் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். உளவியலில் பி.ஏ. முடித்தவுடன் யாரும் ‘மருத்துவ உளவியலாளர்’ ஆகிவிடுவதில்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரோடு வேலை செய்ய, பட்டத்துக்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் எம்.பில். போன்ற மேற்படிப்பும் இலங்கை மருத்துவ சபையின் பதிவும் வேண்டும். மருந்து எழுதுகிறவர் மனநல வைத்தியர், அவர் எம்.பி.பி.எஸ். படித்து வந்தவர், அது வேறு பாதை. பேராதனையில் கலைப் பீடத்தில் உளவியல் படிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. பட்டம் இருக்கிறது, ஆனால் அது கட்டணம் கட்டிப் படிப்பது. எங்கே படித்தாலும், பட்டத்தை வைத்து வீட்டு வாசலில் போர்டு மாட்டுகிற எண்ணம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

அப்படியென்றால் எதற்கு இந்தப் படிப்பு? எங்கள் ஊரில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுவதும் ஒரே கதைதான். சில கிழமைகளில் வாகனம் வாகனமாக ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேர் நல்ல மனதோடு வந்தவர்கள். மூன்று நாள் பயிற்சி எடுத்து, கழுத்தில் அட்டை மாட்டி, ‘கவுன்சிலர்’ என்று வந்தவர்களும் இருந்தார்கள். எங்கள் பகுதி முகாமில் அப்படி வந்த ஒரு குழுவுக்கு நான் வழி காட்டவும் பேச்சை மாற்றிச் சொல்லவும் போனேன்.

புருஷனைக் கடலுக்குக் கொடுத்த பெண் ஒருவர். படிவத்தில் குறித்தார்கள்: ‘அறையை விட்டு வருவதில்லை. ஆண்களோடு பேச மறுக்கிறார். அலங்காரத்தைக் கைவிட்டுவிட்டார்.’ கடும் மனச்சோர்வு என்று ஒரு கோடும் போட்டார்கள். அவர் இத்தா இருந்தார். கணவன் மௌத்தானால் எங்கள் பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் அப்படித்தான் இருப்பார்கள். சுனாமியில் விதவையானவர்களுக்கு அது மே மாதத் தொடக்கம் வரை போகும். அந்தக் குழுவில் பெண்கள் யாரும் இல்லை. இருந்திருந்தால் உள்ளே போய்ப் பாயில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

அவருக்குத் துக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவருடைய உண்மையான பிரச்சினை பிறகுதான் தெரிந்தது. எங்கள் கரையில் கல்யாணத்தின்போது வீடு மகளுக்குத்தான் கொடுக்கப்படும், உறுதியும் அவள் பேரில்தான். சுனாமிக்குப் பிறகு கட்டிய புது வீடுகள் பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பேருக்கு எழுதப்பட்டன. உம்மா கொடுத்த வீடும் போய், வருகிற வீடும் தன் பேரில் வராமல் போகுமோ என்ற பயம் அவருக்கு. இரவில் தூக்கம் இல்லை. அதற்கு மருந்து பிரதேச செயலகத்தில் ஒரு கடிதம். லயக் காம்பராவுக்கு உறுதி கேட்டுக் காலம் காலமாகப் போராடுகிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்தப் படிவத்தைச் சரியாக நிரப்ப ஊரின் வழக்கமும் தெரிய வேண்டும், எது நோய், எது வழக்கம், எது வயிற்றுப்பாடு என்று பிரித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும். முன்னது உங்கள் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. பின்னதைத்தான் கம்பஸ் சொல்லிக்கொடுக்கிறது.

வேலை எங்கே இருக்கிறது என்றால், பிரதேச செயலகங்களைப் பாருங்கள். உளவளத்துணை உதவியாளர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகிய பதவிகள் உண்டு. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு மாவட்ட மட்டத்தில் உளசமூக உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்க்கிற பழக்கம் வேண்டும். போட்டிப் பரீட்சை எழுத வேண்டும், சிங்களம் கொஞ்சமாவது வேண்டும். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் உளவளத்துணை டிப்ளோமாவைப் பட்டத்தோடு சேர்த்துக்கொண்டால் கை பலப்படும். பாடசாலையில் ஆசிரியராகப் போனாலும் ஆலோசனை, வழிகாட்டல் பொறுப்பை எடுக்கலாம். ஐயா, டீச்சர் வேலைக்கும் இந்தப் பட்டம் வழியை அடைக்காது. உங்கள் பிள்ளைக் காம்பராவைப் பாருங்கள். இரண்டு வயதுப் பிள்ளை ஏன் பேசவில்லை என்று கண்டுபிடிக்க அங்கே ஒருவர் இருந்தால் எவ்வளவு வித்தியாசம்! கம்பனிகளின் மனிதவளப் பிரிவுகளும் உளவியல் பட்டதாரிகளை எடுக்கின்றன. அங்கே போகிற பிள்ளை தொழிலாளியின் மகள் என்பதை மறக்காமல் இருந்தால் சந்தோஷம்.

இனிச் சங்கத்தில் பேச வேண்டிய விஷயம். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இந்தத் துறையில் வேலை கிடைத்தது. எல்லாம் திட்ட வேலை. இரண்டு வருடம், மூன்று வருடம், பிறகு பணம் முடிந்தது, வாகனம் போனது. நான் வேலை செய்த ஓரிடத்தில் சம்பளத்துக்கு ‘தொண்டர் கொடுப்பனவு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயரை மாற்றினால் ஈ.பி.எஃப். கட்டத் தேவையில்லை என்று நினைப்பு. காலை முதல் இரவு வரை மற்றவர் அழுகையைக் கேட்டோம். நீங்கள் சொல்கிற அரைப்பேர்தான் எங்களுக்கு விழுந்தது. ஆகவே பிள்ளைகளே, நியமனக் கடிதத்தைக் கேளுங்கள். உங்களிடம் 8, முதலாளியிடம் 12, ஈ.ரி.எஃப். 3 என்ற கணக்கை உங்கள் அப்பாமார் நித்திரையிலும் சொல்வார்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: கேட்டுக் கேட்டு மனம் பாரமானால், நான் பேசுவதற்கு மேலே அனுபவமுள்ள ஒருவர் இருக்கிறாரா? அது இல்லாத இடத்தில் நல்ல பிள்ளைகள் ஒரு வருடத்தில் உடைந்து போவதைக் கண்டிருக்கிறேன்.

பலர் கவனிக்காத ஒரு பாதையும் இருக்கிறது. உளவியல் பட்டத்தில் புள்ளிவிபரவியல் கட்டாயம் வரும். பிள்ளைகள் வெறுக்கும் பாடம். 1995இல் இந்த நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. பின்வந்த இருபது வருடங்களில் அது 70 வீதமளவு குறைந்தது. முக்கிய காரணம், கொடிய பூச்சிநாசினிகளையும் களைநாசினிகளையும் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. உங்கள் மலையில் அடித்த பரகுவாட்டும் 2008 முதல் 2011 வரை படிப்படியாக நிறுத்தப்பட்டது. எந்த மருந்தைக் குடித்தவர்கள் பிழைக்கவில்லை என்று ஆஸ்பத்திரிக் கணக்குகளில் எண்ணிப் பார்த்தவர்களால்தான் அது முடிந்தது. ஆராய்ச்சி உதவியாளர் வேலை என்றால் இதுதான். தோட்டங்களைப் பற்றிய கணக்கை எடுக்கத் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் தேடினால் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் ‘மனவடு’வில் இருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் படியுங்கள், ஆனால் உங்கள் அம்மா ‘நெஞ்சு அடைக்குது’, ‘மனசு சரியில்ல’ என்று எதைச் சொல்கிறார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இரவில் ஒருவர் 1926க்கு அழைத்து அந்த வார்த்தையைச் சொல்லும்போது, மறுமுனையில் இருப்பவருக்கு அது விளங்க வேண்டும்.

ஐயா, கல்முனை பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கிறது. மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பாடத் தெரிவுப் படிவத்தை வைத்து மூன்று பேரும் இருந்து பேசுவோம்.