ஓடைக்கரைப் புதர்க்காடும் நம் உடல்நலமும்

(செனாயில் ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



உடல்நலம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். மருந்து மாத்திரைகளை விடுத்து, நம் ஆலயத்தின் பின்புறம் ஓடையோரம் நிற்கும் புதர்க்காட்டைப் பற்றிப் பேச விழைகிறேன். அதனை அடியோடு வெட்டிச் சமன்படுத்தி, வாகனம் நிறுத்த இடம் செய்யலாம் என்னும் எண்ணம் நம்மிடையே எழுந்துள்ளது. திருவிழா நாளில் இடநெருக்கடி உண்டென்பதை நான் மறுக்கவில்லை.

இங்குள்ள முதியோருள் பலர் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள். விடியுமுன்னர் எழுந்து பால்மர நிரைகளில் நடந்தவர்கள். அவ்வாழ்வைச் சொர்க்கமெனக் கூற வரவில்லை. அட்டைக்கடியும் வறுமையும் மறக்கத்தக்கவை அல்ல. ஆயினும் அன்று நடந்த கால்கள் இன்று தாமான் வீடுகளில் தொலைக்காட்சிக்கு முன் முடங்கிக் கிடக்கின்றன. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியருள் அது 31.4 விழுக்காடாக இருந்தது. உணவும் மரபும் இதற்குக் காரணங்கள். நிழலற்ற, நடக்க மனம் வராத தெருக்களும் ஒரு காரணம் என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றோருள் சிலர்க்குச் சாளரத்தின் வழியே மரங்கள் தெரிந்தன. சிலர்க்குச் செங்கற்சுவரே தெரிந்தது. மரங்களைக் கண்டோர் விரைவில் வீடு திரும்பினர். வலி தணிக்கும் கடுமையான மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ரோஜர் உல்ரிச் என்பார் 1984இல் இதனை வெளியிட்டார். ஆராயப்பட்டோர் 46 பேரே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“பூங்கா போதாதா, புதர் எதற்கு?” என்று கேட்கலாம். பின்லாந்தில் சில சிறுவர் காப்பகங்களின் வெற்று முற்றங்களில், காட்டுத் தரையை மண்ணோடும் சிறு செடிகளோடும் பெயர்த்து வந்து பதித்தனர். குழந்தைகள் அதில் விளையாடினர். 28 நாட்களில் அவர்தம் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின. நோய் எதிர்ப்பாற்றலைச் சீர்படுத்தும் அறிகுறிகள் இரத்தத்தில் தென்பட்டன. 2020இல் வெளியான ஆய்வு இது. சீராகக் கத்தரித்த புல்தரையில் இத்தகைய பல்வகை உயிர்களுக்கு இடமேது?

நம் முன்னோர்க்குக் காடு அந்நியமன்று. சிதம்பரத்திற்குத் தில்லை எனும் பெயர் ஒரு சதுப்புநில மரத்தால் வந்தது. அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணையே கெடுக்கும். அத்தகைய காட்டு மரத்தையே தலவிருட்சமாகக் கொண்டனர். அம்மரத்தை இன்று காண வேண்டின் பிச்சாவரத்திற்குச் செல்ல வேண்டும்.

பாம்பு வரும், கொசு வரும் என்று தாய்மார்கள் அஞ்சுவது நியாயமே. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பூச்சாடியிலும் பழைய டயரிலும் தேங்கிய நீரிலேயே பெரிதும் முட்டையிடுகிறது. அதன் ஓரினம் புதரிலும் தங்கும். ஆகவே புதரில் நீர் தேங்கும் குப்பை இருத்தலாகாது. அங்கே கிடக்கும் குப்பையை நான் பார்த்தேன். பெரும்பகுதி நம் அன்னதானத்தின் நெகிழிக் குவளைகள்! பாம்புக்கும் எலிக்கும் விருந்து வைத்தவர்கள் நாமே.

நமக்குக் குனோங் பூலாய் இருக்கிறதே என்பர். 654 மீட்டர் உயர மலை; 1927ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்வழி சிங்கப்பூருக்கே நீர் வழங்கிய காடு. ஆனால் மூட்டுவலியுள்ள பாட்டி அங்கே நாள்தோறும் போக இயலுமா? அர்ச்சனை முடிந்து பத்து நிமிடம் நடக்க, கூப்பிடு தூரத்தில் காடு வேண்டும்.

ஆகவே செயலவையினரிடம் ஒரு விண்ணப்பம். ஓடைக்கரையிலிருந்து முப்பது அடி அகலத்தை மட்டும் வெட்டாது விடுங்கள். மீதியில் வாகனங்கள் நிற்கட்டும். முதியோர் பிடித்து நடக்கக் கைப்பிடியுடன் ஓர் ஒற்றையடிப் பாதை போதும். குப்பை அகற்ற வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் வருகிறேன். இளைஞர்கள் பத்துப் பேர் உடன் வந்தால் நண்பகலுக்குள் முடிந்துவிடும்.