மரப்பட்டையில் எழுதும் கணக்கு

செட்டிநாட்டு மசாலாவில் கருப்பும் சாம்பலுமாகச் சருகு போல ஒன்று சேர்ப்பார்களே, கல்பாசி, அது வெறும் பாசி அல்ல. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். அறிவியலில் இந்த இனத்துக்கு லைக்கன் என்று பெயர். இதற்கு வேர் கிடையாது. காற்றும் மழையும் கொண்டுவந்து கொடுப்பதுதான் சாப்பாடு. அதில் நஞ்சு கலந்திருந்தாலும் வேண்டாமென்று தள்ள வழியில்லை. பாரிஸ் நகரக் காற்று எப்படியிருக்கிறது என்பதை லைக்கனைப் பார்த்தே சொல்லலாம் என்று லைக்கன் ஆய்வாளர் வில்லியம் நைலாண்டர் 1866-லேயே எழுதிவிட்டார்.

இன்று அந்தக் கணக்கைப் பெரிய அளவில் எடுக்கிற இடங்களில் ஒன்று கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம். அங்கே அதபாஸ்கா ஆற்றங்கரையில் தார் கலந்த மணலைத் தோண்டி எண்ணெய் பிரிக்கும் வணிகத் தொழில் 1967-ல் தொடங்கியது. சுற்றிலும் ஊசியிலைக் காடு, காலை வைத்தால் புதையும் சதுப்பு நிலம். கோடையில் கொசுக்கடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். லைக்கன் உள்ளிட்ட உயிர்களைக் கணக்கெடுக்க ஆல்பர்ட்டா பல்லுயிர்க் கண்காணிப்பு நிறுவனம் 2007 முதல் களத்தில் இருக்கிறது. 20 கிலோமீட்டருக்கு ஓர் இடம் என்று மாகாணம் முழுக்க 1,656 இடங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

களப்பணியாளர் கையில் ஒரு கத்தி, காகித உறை, கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி. மரத்தடி, பட்ட கட்டை, மண்மேடு என்று ஒன்று விடாமல் தேட வேண்டும். கிளையில் தாடி போலத் தொங்குவதைப் பிடித்து மெல்ல இழுப்பார்கள். உள்ளே வெள்ளை நரம்பு ஒன்று ரப்பராக நீண்டால் அது உஸ்னியா. நரம்பே இல்லாமல், பழுப்பு மயிராக அறுந்தால் பிரயோரியாவாக இருக்கலாம். ஆரஞ்சு நிறப் பொட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் ரத்தச் சிவப்பாக மாறினால் சாந்தோரியா குடும்பம். மிச்சத்தை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும்.

எத்தனை வகை இருக்கிறது என்ற எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஆலைப் புகையிலிருந்து கந்தகமும் நைட்ரஜனும் வருகின்றன. அமிலம் படியும் என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். ஆனால் சுரங்கத்தை ஒட்டிய பகுதிகளில் லாரிகள் கிளப்பும் சுண்ணச்சத்துப் புழுதி அந்த அமிலத்தை முறித்துவிடுகிறது. நல்ல செய்திதானே என்றால், இல்லை. புழுதியும் நைட்ரஜனும் ஒத்துக்கொள்ளும் வகைகள் உள்ளே வரலாம். அமிலப் பட்டையும் சுத்தக் காற்றும் கேட்கிற பழைய வகைகள் ஒதுங்கலாம். மொத்த எண் குறையாமலே காடு வேறு காடாகிவிடும். எத்தனை என்பதைவிட, யார் போனார், யார் வந்தார் என்பதுதான் விஷயம். இந்தப் பக்கத்துக் காரிபூ மான்களுக்குக் குளிர்காலத்தில் பனியைத் தோண்டி எடுத்து உண்ணும் தரை லைக்கன்தான் உயிர். பெரும்பாலும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும் அது; அந்த மான்களோ கனடாவின் சட்டப்படி ஆபத்தில் உள்ள இனம்.

2008-ல் அந்த எண்ணெய் மணல் பகுதியில் 104 ஹெக்டேர் நிலத்துக்கு, சுரங்கப் பணிக்குப் பின் மீட்கப்பட்டது என்று அரசு சான்றிதழ் கொடுத்தது. மேட்டு நிலத்தில் மரம் நட்டால் வளர்ந்துவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த சதுப்பு அப்படி வராது. முதிர்ந்த மரத்தில் தொங்கும் லைக்கனும் அவ்வளவு சீக்கிரம் வராது. மீட்டோம் என்று சான்றிதழ் எழுதும் முன் லைக்கன் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள் என்பதே என் கட்சி.