மீட்ட வண்டியின் முதுகெலும்பு



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்குச் சென்ற தமிழர்களுள், சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வாங்கி அதனைக் கொண்டே குடும்பம் நடத்துவோர் பலர். காய்கறி, முட்டை, கட்டடச் சாமான், இரும்புக் குழாய் என எதனையும் சுமந்து செல்வது அவ்வண்டி. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரிகள் நாட்டின் பல மாநிலங்களில் வேலை செய்து வருகின்றன. அவற்றோடு செல்லும் நம்மவர்க்கு உழுத வயலும் மணற்பரப்பும் ஆற்றுப்படுகையுமே அன்றாடச் சாலை. இத்தகையோரின் வண்டி சேற்றில் அழுந்துவதும், அருகிலுள்ள பெரிய லாரியில் சங்கிலி கட்டி அதனை இழுத்து வெளியேற்றுவதும் புதிதன்று. அவ்வாறு வெளியே வந்த வண்டியின் அடிச்சட்டத்திற்கு, அதாவது பட்டறையில் சேஸிஸ் என்று வழங்கும் சட்டகத்திற்கு, என்ன நேர்ந்திருக்கக் கூடும், அதனைச் செம்மை செய்வது எங்ஙனம் என்பதனை இன்று ஆராய்வோம்.

எம் தொழில் மொழிபெயர்ப்பு. ஆகவே ஒரு சொல்லிலிருந்து தொடங்குகின்றோம். சிக்கிய வண்டியை வெளியே எடுப்பதை மீட்பு என்கின்றோம். அடகு வைத்த நகையைத் திரும்பப் பெறுவதற்கும் தமிழில் மீட்பு என்றே பெயர். நகையை மீட்க வட்டியை மட்டும் கட்டினால் போதாது. முதலையும் தீர்க்க வேண்டும். வண்டியின் செய்தியும் அதுவே. சேற்றிலிருந்து இழுத்தது வட்டி கட்டியதற்கு ஒப்பு. சட்டகத்தை அளந்து பார்த்துச் சரி செய்த பின்னரே மீட்பு முற்றுப் பெறுகின்றது.

இக்காலக் கார்கள் பெரும்பாலானவற்றில் உடலே சட்டகமாகவும் அமைந்துள்ளது. பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை அவ்வாறல்ல. ஏணியைத் தரையில் கிடத்தினாற்போல், இரண்டு நெடுஞ்சட்டங்களும் அவற்றை இணைக்கும் பல குறுக்குச் சட்டங்களும் அடியில் உள்ளன. எஞ்சின், அச்சு, ஓட்டுநர் அறை, சரக்குத் தொட்டி ஆகிய யாவும் அவ்வேணியின்மேல் அமர்ந்திருக்கின்றன. 1925-ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் சரக்குத் தொட்டியோடு கூடிய சிறு வண்டியைத் தொழிற்சாலையிலேயே கட்டி விற்கத் தொடங்கியது. அன்று தொட்டு வடிவம் எத்தனையோ மாறியும், மகிந்திரா பொலேரோ பிக்கப், டாட்டா யோதா போன்ற வண்டிகளில் ஏணி ஏணியாகவே நிற்கின்றது. இவ்வேணி கோணினால் அதன்மேல் உள்ள எதுவும் நேராக இராது.

கோணல் எப்போது நேர்கின்றது? வண்டி சேற்றில் இறங்கும்போது நேர்வதைக் காட்டிலும், அதனை வெளியே இழுக்கும்போது நேர்வதே மிகுதி. இதற்குக் கணக்கு உண்டு. மீட்பு வேலையில் பழகியோர் கைக்கொள்ளும் பொது விதி ஒன்று: சக்கர அளவுக்குச் சேற்றில் புதைந்த வண்டியை இழுக்க, அதன் எடைக்கு நிகரான விசை வேண்டும்; சேற்றுக்காப்பு வரை புதைந்தால் இரு மடங்கு; ஓட்டுநர் அறை வரை புதைந்தால் மும்மடங்கு. சரக்குடன் 3 டன் எடையுள்ள வண்டி சேற்றுக்காப்பு வரை புதைந்ததாகக் கொள்வோம். அதனை இழுக்க 6 டன் விசை வேண்டும். சரக்கை இறக்கி எடையை 1.5 டன்னாகக் குறைத்தால், 3 டன் விசை போதும். சக்கரத்தின் முன் உள்ள மண்ணையும் மண்வெட்டியால் அகற்றினால் இன்னும் குறையும். அரைமணி நேரம் மண்வெட்டி பிடிப்பது, பின்னர் பல நாள் பட்டறையில் காத்திருப்பதைத் தவிர்க்கும்.

இரண்டாவது பிழை, வெட்டி இழுத்தல். சங்கிலியைத் தளர விட்டுப் பெரிய லாரியை வேகமாக ஓட்டினால், சங்கிலி விறைக்கும் அக்கணத்தில் முழு அதிர்ச்சியும் சட்டகத்தில் இறங்குகின்றது. இழுக்கும் லாரியின் வேகம் இரு மடங்கானால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகின்றது. இரும்புச் சங்கிலி நெகிழாது. ஆதலால் அவ்வாற்றலைச் சட்டகமே ஏற்க நேர்கின்றது. மூன்றாவது பிழை, கண்ட இடத்தில் கொக்கி மாட்டுதல். பம்பர், அச்சு, வண்டியை ஏற்றிச் செல்லும்போது கட்டி வைப்பதற்கான வளையம் ஆகியன இழுப்பதற்கு உரியன அல்ல. பின்புற இழுவைக் குமிழ் முறிந்து, குண்டு போலப் பறந்து உயிரைப் பறித்ததும் உண்டு. கயிறு விறைத்திருக்கும்போது ஒருவரும் அருகில் நிற்றலாகாது. நான்காவது பிழை, ஒரு பக்கக் கொக்கியில் மட்டும் இழுத்தல். அப்போது ஒரு நெடுஞ்சட்டம் முன்னே நகர, மற்றொன்று பின்தங்குகின்றது.

இவற்றால் சட்டகம் அடையும் ஊனங்களை ஐந்தாகப் பகுக்கலாம். நடுவில் தொய்தல் ஒன்று. இடப்புறமோ வலப்புறமோ வளைதல் இரண்டு. நசுங்கி நீளம் குறைதல் மூன்று. செவ்வகமாய் இருந்தது சாய்சதுரம் போல் சரிதல் நான்கு. ஒரு முனை ஒரு புறமும் மறு முனை மறு புறமுமாக முறுக்கிக்கொள்ளுதல் ஐந்து. ஒரே வண்டியில் இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்தும் வரும்.

இனி, அளந்தறியும் முறையைக் காண்போம். முதலில் கண்ணுக்குத் தெரியும் குறிகள்: கதவின் இடைவெளி மேலும் கீழும் ஒவ்வாமை, ஓட்டுநர் அறைக்கும் தொட்டிக்கும் இடையே ஒரு பக்கம் அகலமும் மறு பக்கம் நெருக்கமும், நேராக ஓட்டும்போது ஸ்டீயரிங் சாய்ந்து நிற்றல், நண்டு போல வண்டி பக்கவாட்டாகச் செல்லுதல், டயர் ஒரு புறமாகவே தேய்தல். இவை இல்லையென்றாலும் அளப்பது நன்று. சமதரையில் வண்டியை நிறுத்தி, இரு நெடுஞ்சட்டங்களிலும் ஒத்த துளைகளைத் தேர்ந்து, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் முனை தொடும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் தரையில் குறிக்க வேண்டும். பின் வண்டியை நகர்த்திவிட்டு, குறிகளுக்கு இடையே மூலைக்கு மூலை நாடாவால் அளக்க வேண்டும். இரு மூலைவிட்டங்களும் சமமாயின் சாய்வு இல்லை. வேறுபட்டால் எவ்வளவு மில்லிமீட்டர் என்பதைக் குறித்துக்கொண்டு, வண்டி செய்தோரின் பழுதுநூல் கூறும் வரம்போடு ஒப்பிட வேண்டும். முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி ஆகிய மூன்றையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். முறுக்கம் உண்டா என்பதை, குறுக்கே வைத்த ரசமட்டம் முன்னும் பின்னும் ஒன்றுபோல் காட்டுகின்றதா என்று நோக்கி அறியலாம்.

வளைவைக் காட்டிலும் கொடியது விரிசல். ஏனெனில் அது ஒளிந்து வளர்வது. கொக்கி பொருந்திய இடம், குறுக்குச் சட்டம் சேரும் மூலை, ஸ்பிரிங் தாங்கி ஆகிய இடங்களைச் சேறு போகக் கழுவித் துடைத்துப் பார்க்க வேண்டும். வண்ணப்பூச்சு மயிரிழை போல் வெடித்திருத்தலும், ரிவெட்டைச் சுற்றித் துரு கசிந்திருத்தலும் ஐயத்திற்கு உரியன. ஐயமுற்ற இடத்தில் வண்ணம் நீக்கிச் சிவப்புச் சாயம் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெண்பொடித் திரவம் தெளித்தால், விரிசலுள் புகுந்த சாயம் சிவப்புக் கோடாக வெளிவரும். பெரிய கருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை.

வளைந்த சட்டகத்தை நிமிர்த்துவதில் இரண்டு நெறிகள் உண்டு. இறுதியில் நேர்ந்த ஊனத்தை முதலிலும், முதலில் நேர்ந்ததை இறுதியிலும் நீக்க வேண்டும் என்பது ஒன்று. சிக்கலான நூலை அவிழ்ப்பார் செய்வதும் இதுவே. இரும்பு தான் இருந்த நிலைக்குச் சிறிது திரும்பும் இயல்பினது என்பது மற்றொன்று. ஆகையால் சட்டகத்தைப் படுகையில் இறுகப் பிணைத்து, ஹைட்ராலிக் கருவியால் வேண்டிய அளவைச் சற்றே கடந்து இழுத்து, விசையைத் தளர்த்தி அளந்து, மீண்டும் இழுத்து, மீண்டும் அளக்க வேண்டும். ஒரே இழுப்பில் முடித்துவிட்டேன் என்பவரிடம் எச்சரிக்கையாய் இருத்தல் நலம்.

இவ்விடத்தில் ஒன்றை வலியுறுத்திக் கூறுகின்றோம். பல பட்டறைகளில் கேஸ் விளக்கால் சட்டத்தைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கும் வழக்கம் உண்டு. காண்பதற்கு வேலை விரைவாய் முடிந்தது போலத் தோன்றும். இக்கால வண்டிகளில் பயன்படும் உயர்வலிமை எஃகு, அத்தகைய சூட்டில் தன் வலிமையை இழக்கின்றது. வடிவம் திரும்பிவிடும், வலிமை திரும்பாது. ஆதலால் சூடேற்றாமல் நிமிர்த்துவதே முதல் வழி. சூடேற்றலாமா, எவ்வளவு, எவ்விடத்தில் என்பதைப் பழுதுநூலே சொல்ல வேண்டும்.

விரிசலைப் பற்றவைப்பதற்கும் முறை உண்டு. பாட்டரியைக் கழற்றி, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பை நீக்கி, அருகில் உள்ள எரிபொருள் தொட்டியை அகற்றிய பின்னரே வெல்டிங் கருவியைத் தொட வேண்டும். விரிசலின் நுனியில் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது நிற்கும். பின் விரிசல் நெடுகப் பள்ளம் தேய்த்து, ஆழம் முழுதும் நிரம்பப் பற்றவைத்து, மேற்பரப்பைச் சமமாகத் தேய்க்க வேண்டும். தெருவோரப் பட்டறைகளில் பொதுவாகப் புழங்கும் 6013 குச்சியினும், ஈரம் படாமல் காத்த 7018 குச்சி இப்பணிக்கு ஏற்றது. மேலே ஒட்டுத்தகடு வைப்பதாயின் அதன் முனைகள் செங்குத்தாக முடியலாகாது. சாய்வாகக் குறுகிச் செல்ல வேண்டும். செங்குத்தாக முடிந்தால் அம்முனையிலேயே புதிய விரிசல் பிறக்கும். நெடுஞ்சட்டம் பலவற்றில் பகரம் ஒருக்களித்தாற் போன்ற வடிவினது. அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்புமே பளுவால் வரும் இழுப்பையும் அழுத்தத்தையும் மிகுதியாகத் தாங்குவன. ஆதலால் விளிம்பில் துளையிடுவதும் குறுக்கே பற்றவைப்பதும் ஆகா.

சட்டம் மடிந்து கசங்கியிருந்தாலும், துரு அரித்து மெலிந்திருந்தாலும், பழுது பார்ப்பதை விடுத்து மாற்றுவதே தக்கது. ஆயின் சேஸிஸ் எண் பொறித்த பகுதியை வெட்டுவதற்கு முன் சட்டத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகின்றது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை முன்னரே அணுகுதல் வேண்டும். காப்பீட்டுத் தொகை கோருவோர், வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்து, ஊனத்தைப் படமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நம்மவர்க்கு ஓர் இடர் தனியாக உண்டு. பட்டறைக்காரர் சொல்வது அரைகுறையாகவே விளங்கும். சரியாகிவிட்டது என்று அவர் தலையசைத்தால், பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வருகின்றோம். அன்றிரவே அதன் தொட்டியில் ஒரு டன்னுக்கு மேல் சரக்கும், முன்னிருக்கையில் மனைவி மக்களும் ஏறுகின்றனர். மலைச் சரிவில் சட்டகம் முறிந்தால், தலையசைப்பை நாம் யாரிடம் காட்டுவது? ஆகவே வேலை தொடங்கு முன் எடுத்த மூலைவிட்ட அளவுகளையும், முடிந்த பின் எடுத்த அளவுகளையும் ஒரே தாளில் எழுதித் தருமாறு கேளுங்கள். அளக்கும்போது அருகில் நில்லுங்கள். எழுதித் தர மறுக்கும் பட்டறையை விட்டு வேறிடம் செல்லுங்கள். குஜராத்தியிலும் அஸ்ஸாமியிலும் சொல்லும் சொல் நமக்கு விளங்காமற் போகலாம். நாடாவில் விழும் எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

அத்தாளைப் பதிவுச் சான்றோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் அளந்து அதனோடு ஒப்பிடுங்கள்; பற்றவைத்த இடத்தையும் கழுவிப் பாருங்கள். என்றேனும் வண்டியை விற்க நேர்ந்தால், வாங்குபவர் கையில் அத்தாளையும் சேர்த்துக் கொடுங்கள். நாளை அதில் ஏறிச் செல்வதும் ஒரு குடும்பமே.