ஒரு புதனுக்கும் அடுத்த புதனுக்கும் நடுவே



கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸில் நம் புத்தகம் ஒன்றை வெளியிட்டால், அழைப்பிதழைப் பதிவிடுவதிலிருந்து பகிர்வுகளை எண்ணுவதுவரை எழுதியவர் தலையில்தான். கூச்சப்பட்டு ஒதுங்க நமக்கு வசதியில்லை. நம் நூலைத் தேடிவந்து மதிப்புரை எழுதிய நாளிதழ்கள் எத்தனை?

அயோத்திதாசப் பண்டிதருக்கும் யாரும் இடம் ஒதுக்கித் தரவில்லை. 1907 ஜூன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தாமே தொடங்கினார். சித்த வைத்தியமும் பார்த்துக்கொண்டு 1914இல் மறையும்வரை அதில் எழுதினார். ஒரு புதனுக்கும் அடுத்த புதனுக்கும் நடுவே ஆறு நாள் இருந்தது. 'இந்திரர் தேச சரித்திரம்' அப்படித்தான் தொடராக வளர்ந்தது. ஞான. அலாய்சியஸ் 1999இல் அவர் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டபோது, எடுப்பதற்கு அந்த இதழ்கள் இருந்தன.

நம் பதிவுகள் இருக்குமா? சாதியைப் பேசினால் நாலு பேர் கூடிப் புகார் கொடுக்கிறார்கள். கணக்கு முடங்குகிறது. பல வருட எழுத்தும் அதோடு போகிறது. அது போகட்டும், அத்தியாயம் எழுத வைத்திருந்த ராத்திரியைப் பின்னூட்டச் சண்டையில் தொலைத்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறோம். (சண்டை தேவையானதுதான். தினமும் அதே ஆள்தான் போக வேண்டுமா?)

ஒருவர் நூலை மற்றவர்கள் பேசுவோம். நூல் வந்த மாதம் பதிவு, பகிர்வு, பதில் எல்லாவற்றையும் மாணவத் தோழர்கள் முறைவைத்துப் பார்க்கட்டும். எழுதியவர் அடுத்ததை எழுதட்டும். முதல் முறைக்கு ஐந்து பேர் வேண்டும். கலைவதற்கு முன் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.